கல்லான உயிரும் கல்லின் வயதும்: புதைபடிவங்களைப் பற்றி ஓர் எளிய விளக்கம்

கொங்கு நாட்டில் கிணற்றை ஆழப்படுத்தும்போதோ, தோட்டத்துக்கு வண்டித்தடம் போட மண்ணை வெட்டும்போதோ உருண்டையாக ஒரு கல் வெளிவந்துவிட்டால், பொழுது சாய்வதற்குள் அது வாட்ஸ்அப்பில் டைனோசர் முட்டையாகிவிடுகிறது. தொல்லியல் துறையினர் வந்து கார்பன் பரிசோதனை செய்தால் அது எத்தனை கோடி ஆண்டுப் பழையது என்று தெரிந்துவிடும் என்று யாராவது ஒருவர் உறுதியாகச் சொல்வார். உருண்டையான கல்லெல்லாம் முட்டையாகாது என்பதோடு, தொல்லியல் என்பது மனிதர் விட்டுச்சென்ற பொருள்களை ஆராயும் துறை என்பதும், கார்பன் பரிசோதனையால் கோடி ஆண்டுகளை அளக்கவே முடியாது என்பதும் இந்தப் பேச்சில் விடுபட்டுப் போகின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, கொங்கு நாட்டுப் பாறையில் டைனோசர் முட்டை கிடைப்பதற்கான வாய்ப்பு ஏறத்தாழ இல்லை. அது ஏன் என்று விளங்கிக்கொண்டால், புதைபடிவம் எப்படி உருவாகிறது என்பதும் அதைக் கொண்டு பூமியின் பழங்காலத்தை எப்படிக் கணிக்கிறார்கள் என்பதும் கூடவே விளங்கிவிடும்.

புதைபடிவம் என்பது எது?

முற்காலத்தில் வாழ்ந்த ஓர் உயிரின் உடற்பகுதியோ, அந்த உயிர் விட்டுச்சென்ற தடயமோ மண்ணிலும் பாறையிலும் பாதுகாக்கப்பட்டிருந்தால் அதைப் புதைபடிவம் என்கிறோம். எலும்பு, பல், கிளிஞ்சல், மரத்துண்டு, இலையின் அச்சு ஆகியவை மட்டுமல்லாமல் காலடித்தடம், புழு துளைத்த துளை, கல்லாகிவிட்ட சாணம் ஆகியவையும் இதில் அடங்கும். பொதுவாகப் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டவற்றையே இந்தப் பெயரால் குறிப்பிடுவது வழக்கம்.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். புதைபடிவமாக இருக்க அது கல்லாகியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சைபீரியாவின் உறைமண்ணில் தோலும் மயிரும் கெடாமல் கிடந்த மாமூத் என்ற பழங்கால யானையும் புதைபடிவமே, மரப்பிசினுக்குள் சிக்கிக்கொண்ட பூச்சியும் புதைபடிவமே. அதேபோல் ஒரு பொருள் கல்லாகியிருக்கிறது என்பதை மட்டும் வைத்து அது கோடி ஆண்டுப் பழையது என்று சொல்லிவிடவும் முடியாது. சிலிக்கா மிகுந்த வெந்நீர் ஊற்றுகளில் விழுந்த மரக்கட்டையில் சில ஆண்டுகளிலேயே கனிமம் ஏறத் தொடங்கிவிடுகிறது.

உயிர் எப்படிக் கல்லாகிறது?

ஒரு மாடு காட்டில் இறந்து கிடந்தால் என்ன நடக்கும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். நாயும் காக்கையும் தின்றது போக மீதியைப் புழுவும் நுண்ணுயிரும் முடித்துவிடுகின்றன, எலும்பும் வெயிலிலும் மழையிலும் வெடித்துப் பொடியாகிவிடுகிறது. இயற்கையில் இதுவே விதி, புதைபடிவம் அதற்கு விலக்கு. இறந்த உடல் படிவமாக நிலைக்க வேண்டுமானால் அது விரைவில் புதைய வேண்டும். ஆற்று வெள்ளம் கொண்டுவந்த வண்டலோ, கடலடிச் சேறோ, எரிமலைச் சாம்பலோ அதை மூட வேண்டும். காற்று புகாத ஆழத்தில் அழுகல் மெதுவாகிறது, பிணந்தின்னிகளும் அங்கே எட்டுவதில்லை. ஆகவேதான் நிலத்தில் வாழ்ந்த விலங்குகளைவிடக் கடலடியில் வாழ்ந்த ஓட்டுயிர்களின் படிவங்கள் மிகுதியாகக் கிடைக்கின்றன. உடம்பில் ஓடோ எலும்போ இல்லாத மெல்லுடலிகளில் பெரும்பாலானவை தடமில்லாமல் மறைந்துவிட்டன. நம் கைக்கு வந்த படிவங்கள் பழங்கால உலகின் ஒருதலைப்பட்சமான பதிவு என்பதை ஆய்வாளர்கள் எப்போதும் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள்.

புதைந்த பிறகு நடப்பது மெதுவான வேதியியல். வண்டல் மேலே மேலே சேரச் சேர, அடியில் உள்ளது அழுத்தத்தால் இறுகி, துகள்களுக்கு இடையே கனிமப் பசை உறைந்து, பாறையாகிறது. இப்படி உருவாவதைப் படிவுப் பாறை என்பார்கள். மணற்கல், களிமண் இறுகிய மென்கல், பெரும்பாலான சுண்ணாம்புக்கல் ஆகியவை இந்த வகை. இந்தப் பாறைக்குள் கசிந்து ஓடும் நிலத்தடி நீரில் சிலிக்காவோ சுண்ணாம்போ கரைந்திருக்கும். அந்த நீர் எலும்பின் நுண்துளைகளிலும் மரத்தின் உயிரணு அறைகளிலும் புகுந்து கனிமத்தை அங்கே படியச் செய்கிறது. முதலில் அறைகள் நிரம்புகின்றன. பிறகு அறைச்சுவரின் கரிமப்பொருள் சிறிது சிறிதாகச் சிதையச் சிதைய அந்த இடத்தையும் கனிமம் பிடித்துக்கொள்கிறது. மாற்றம் இவ்வளவு நிதானமாக நடப்பதால்தான், கல்லாகிப்போன மரத்தை மெல்லிய சீவலாக அறுத்து நுண்ணோக்கியில் வைத்தால் நீர்க்குழாய்களின் அமைப்பு இன்றைய மரத்தில் தெரிவதுபோலவே தெரிகிறது.

திருச்சியைத் தாண்டிப் பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூருக்குப் போனால் இதை நேரில் காணலாம். புவியியலாளர் எம். எஸ். கிருஷ்ணன் 1940-ல் வெளியுலகுக்குத் தெரியப்படுத்திய அந்தக் கல்மரம் 18 மீட்டர் நீளமுடையது. கிரெட்டேசியஸ் காலத்தில், அதாவது 14.5 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்த காலகட்டத்தில், அந்தப் பகுதிக்குள் கடல் ஏறியிருந்தபோது இந்த மரம் அடித்துவரப்பட்டுச் சேற்றில் புதைந்தது. விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையில் கிடக்கும் கல்மரங்கள் இதைவிட மிகவும் இளையவை, சுமார் 2 கோடி ஆண்டுகள் பழமையானவை. கிளையும் வேரும் இழந்து படுத்துக் கிடக்கும் அவற்றின் நிலையைப் பார்த்தே, அவை அங்கே வளர்ந்தவை அல்ல, ஆற்று வெள்ளத்தில் வந்து சேர்ந்தவை என்று முடிவு செய்திருக்கிறார்கள்.

எல்லாப் படிவமும் இப்படிக் கனிமம் ஏறி உருவாவதில்லை. சில வேளைகளில் உயிரின் ஓடு முழுவதும் கரைந்துபோய், சுற்றியிருந்த பாறையில் அதன் வடிவத்தில் ஒரு வெற்றிடம் மட்டும் நிற்கும். அதை அச்சு என்பார்கள். அந்த வெற்றிடத்தில் வேறு கனிமம் நிரம்பினால் கிடைப்பது வார்ப்பு. இதற்கு நாம் நன்கு அறிந்த சான்று பல வைணவ வீடுகளின் பூசையறையிலேயே இருக்கிறது. நேபாளத்தின் கண்டகி ஆற்றிலிருந்து வரும் சாளக்கிராமக் கற்களில் பல அம்மோனைட் என்ற கடல் உயிரின் படிவங்களைக் கொண்டவை. அம்மோனைட்டு, கணவாயின் உறவினம். சுருள் ஓட்டுக்குள் வாழ்ந்த இவ்வினம் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பே அடியோடு அழிந்துவிட்டது. கருப்புக் கல்லின் வாய் திறந்த இடத்தில் உற்றுப் பார்த்தால், நடுவிலிருந்து வெளிநோக்கி விரியும் சுருளும், அதன் மேல் சீரான இடைவெளியில் ஓடும் வரிகளும் தெரியும். சக்கரம் என்று வணங்கப்படுவது இதுவே. கடலடிச் சேற்றில் அந்த உயிர் அழுகியபோது அதைச் சுற்றிலும் கனிமம் திரண்டு உருண்டையாக இறுகியதால் கல்லுக்கு அந்த வடிவம் வந்தது. இமயமலையின் உயரத்தில் கடல் உயிர் கிடப்பதற்குக் காரணம், அங்கிருந்த பழைய கடலின் அடித்தளமே மலையாக மடிந்து எழும்பியதுதான்.

ஆக, விரைவாகப் புதைவது, காற்றுப் படாமல் இருப்பது, கனிமம் சுமந்த நீர் கிடைப்பது, பின்னால் நிலம் உயர்ந்து அரிப்பினால் வெளிப்படுவது ஆகிய எல்லாம் ஒரே உயிருக்கு வாய்க்க வேண்டும். வெளிப்பட்ட பிறகும் ஆபத்து தீர்வதில்லை. அரியலூர் மாவட்டத்துக் கல்லமேட்டில் 1980-களில் ஒரு மாபெரும் டைனோசரின் எலும்புகள் பதிவு செய்யப்பட்டு, புருகத்காயோசாரஸ் என்று பெயரும் இடப்பட்டது. கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் தாக்குப்பிடித்த அந்த எலும்புகள் மேலே வந்த பின் உதிர்ந்து போயின.

கொங்குப் பாறையில் ஏன் கிடைப்பதில்லை?

சென்னிமலையிலிருந்து காங்கேயம் வரையிலும், அங்கிருந்து நாமக்கல் வரையிலும் நம் குவாரிகளில் வெட்டப்படும் கருங்கல் படிவுப் பாறை அல்ல. அதில் பெரும்பகுதி நைஸ், சார்னோக்கைட் என்ற வகைகளைச் சேர்ந்தது. இவை உருமாறிய பாறைகள், அதாவது ஏற்கெனவே இருந்த பாறை பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் ஆட்பட்டு, உருகாமலேயே புதிய படிகங்களாக மாறியவை. கொங்குப் பாறைகள் பல கிலோமீட்டர் ஆழத்தில் 700 டிகிரி செல்சியசுக்கும் மேலான வெப்பத்தில் வெந்தவை. அந்த வெப்பத்தில் எந்த எலும்பும் கிளிஞ்சலும் உருத்தெரியாமல் போய்விடும்.

போவதற்கும் அங்கே ஒன்றும் இருந்திருக்காது என்பதே இதைவிடப் பெரிய காரணம். இப்பகுதியின் பாறைகளில் பல ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள் பழமையானவை. சந்திரயான் திட்டத்துக்காக நிலவு மண்ணைப் போன்ற பொடி தயாரிக்க இஸ்ரோ தேர்ந்தெடுத்த அனார்த்தோசைட் பாறையைத் தந்த நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியின் வயதும் அதுவே. அந்தக் காலத்தில் உலகம் முழுவதும் நுண்ணுயிர்கள் மட்டுமே வாழ்ந்தன. ஓடும் எலும்பும் உடைய விலங்குகள் பெருகியது சுமார் 54 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். டைனோசரோ அதற்கும் மிகவும் பிந்தையது.

குவாரியின் வெட்டுமுகத்தில் வெளிறிய பட்டையும் கரிய பட்டையும் மாறி மாறி ஓடுவதைப் பார்த்து, அவை ஒன்றன்மேல் ஒன்று படிந்த அடுக்குகள் என்று பலரும் நினைக்கிறார்கள். நியாயமான ஊகம்தான் என்றாலும் சரியன்று. வெப்பமும் அழுத்தமும் கனிமங்களை வகைபிரித்து ஒதுக்கியதால் தோன்றியவை அந்தப் பட்டைகள். ஆகவே மேலே உள்ள பட்டை இளையது, கீழே உள்ளது மூத்தது என்ற கணக்கு அங்கே செல்லாது.

கோவைக்குப் பக்கத்து மதுக்கரையில் சிமெண்டுக்காக வெட்டிய சுண்ணாம்புக்கல்லையும், அதே சிமெண்டுக்காக அரியலூரில் வெட்டும் சுண்ணாம்புக்கல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு கண்ணுக்கே தெரியும். மதுக்கரைக் கல்லை உடைத்தால் சர்க்கரைக் கட்டியைப் போலப் பளிச்சிடும் படிகங்கள் தெரிகின்றன, கிளிஞ்சலின் சாயல்கூட இல்லை. அரியலூர் கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லில் சிப்பிகள் ஒன்றோடொன்று நெருங்கி அடுக்கடுக்காகப் பதிந்து கிடக்கின்றன. முன்னது வெந்து உருமாறிய கல், பின்னது கடலடியில் படிந்து அப்படியே இறுகிய கல்.

அடுக்கு சொல்லும் முன்பின்

இனி வயதுக்கு வருவோம். படிவத்தின் வயதைக் கணிப்பதில் இரண்டு தனித்தனி வேலைகள் இருக்கின்றன. எது முந்தியது, எது பிந்தியது என்று வரிசைப்படுத்துவது ஒன்று. அந்த வரிசைக்கு ஆண்டுக்கணக்குத் தருவது மற்றொன்று. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதித் தவறுகள் வருகின்றன.

தோட்டத்துக் களத்தில் போட்டிருக்கும் சோளத்தட்டுப் போரை நினைத்துக்கொள்ளுங்கள். மழை நன்றாகப் பெய்த ஆண்டுகளில் பழைய தட்டுத் தீருவதற்குள் புதிய தட்டு மேலே ஏறிவிடும். மாட்டுக்குப் பக்கவாட்டில் பிடுங்கிப் போட்டிருந்தால் போரின் உள்வரிசை முழுவதும் கண்ணுக்குத் தெரியும். யாரும் கலைக்காத வரை அடியில் இருப்பதே முதலில் போட்டது. கட்டுகளுக்கு நடுவே ஒரு 2000 ரூபாய்த் தாள் சிக்கியிருந்தால், அந்தக் கட்டும் அதற்கு மேலே உள்ளவையும் 2016 நவம்பருக்கு முன் போட்டவையாக இருக்க முடியாது. பக்கத்துத் தோட்டத்துப் போரிலும் அதே தாள் கிடைத்தால், இரண்டு போர்களிலும் அந்த உயரங்கள் ஏறத்தாழ ஒரே காலத்தவை என்று ஊகிக்கலாம்.

படிவுப் பாறையிலும் நடப்பது இதுவே. கீழடுக்கு மூத்தது, மேலடுக்கு இளையது என்ற விதியை 1669-ல் நிக்கோலஸ் ஸ்டீனோ வகுத்துரைத்தார். ஒவ்வோர் அடுக்குக்கும் தனக்கென்று ஒரு படிவக்கூட்டம் இருப்பதைக் கண்டு, அதைக் கொண்டே தொலைவில் உள்ள அடுக்குகளை இணைத்து, வில்லியம் ஸ்மித் 1815-ல் இங்கிலாந்தின் புவியியல் வரைபடத்தை வெளியிட்டார். குறுகிய காலமே வாழ்ந்து, பரந்த நிலப்பரப்பில் பரவி, எளிதில் அடையாளம் காணக்கூடிய உயிரின் படிவத்தை வழிகாட்டிப் படிவம் என்கிறார்கள். அம்மோனைட்டுகள் இதற்கு மிகவும் ஏற்றவை. கடல்தோறும் பரவியிருந்த அவற்றின் இனங்கள் விரைவாகத் தோன்றி விரைவாக மறைந்தன. தென்னிந்தியாவிலிருந்து அனுப்பப்பட்ட கடற்படிவங்களை 1846-ல் ஆராய்ந்த எட்வர்ட் ஃபோர்ப்ஸ், ஐரோப்பியப் படிவங்களோடு ஒப்பிட்டே அவை கிரெட்டேசியஸ் காலத்தவை என்று கண்டார். கிரெட்டேசியஸ் என்பது எத்தனை கோடி ஆண்டுகளுக்கு முந்தியது என்று அன்றைக்கு உலகில் யாருக்கும் தெரியாது. வரிசை தெரிந்திருந்தது, எண் தெரியவில்லை.

போரைப் பிரித்து வேறிடத்தில் போட்டால் பழைய தாள் புதிய தட்டுக்குள் விழுந்துவிடலாம் அல்லவா? பாறையிலும் அப்படி நேர்கிறது. பழைய அடுக்கை ஆறு அரித்து, அதில் இருந்த படிவத்தை உருட்டிக்கொண்டு போய்ப் புதிய வண்டலில் சேர்த்துவிடும். தேய்மானத்தையும் கூட இருக்கும் மற்றப் படிவங்களையும் பார்த்து இதைக் கண்டுபிடிக்கிறார்கள்.

ஆண்டுக்கணக்கு எங்கிருந்து வருகிறது?

1896-ல் கதிரியக்கம் கண்டறியப்பட்ட பிறகே எண் கிடைக்க வழி பிறந்தது. சில தனிமங்களின் அணுக்கள் நிலையற்றவை. அவை தாமாகவே சிதைந்து வேறு தனிமமாக மாறுகின்றன. வெப்பமோ அழுத்தமோ அந்த வேகத்தைக் குறிப்பிடத்தக்க அளவில் மாற்றுவதில்லை. இருப்பதில் சரிபாதி சிதைவதற்கு ஆகும் காலத்தை அரைவாழ்வுக் காலம் என்பார்கள். யுரேனியத்தின் இரு வகைகளில் யுரேனியம் 238-க்கு அது சுமார் 447 கோடி ஆண்டுகள், யுரேனியம் 235-க்குச் சுமார் 70 கோடி ஆண்டுகள். இரண்டும் இறுதியில் ஈயமாகின்றன.

இந்தக் கணக்குக்கு மிகவும் உதவுவது சிர்க்கான் என்ற மணல்பருமன் படிகம். பாறைக்குழம்பு குளிரும்போது உருவாகும் இப்படிகம் யுரேனியத்தைத் தனக்குள் ஏற்றுக்கொள்ளும், ஈயத்தை ஏறத்தாழ முழுமையாக ஒதுக்கிவிடும். ஆகவே இன்று அதற்குள் இருக்கும் ஈயத்தில் கிட்டத்தட்ட எல்லாம் பிறகு யுரேனியம் சிதைந்ததால் வந்தது என்று கொள்ளலாம். 250 கோடி ஆண்டுப் பழைய சிர்க்கானில், தொடக்கத்தில் இருந்த யுரேனியம் 238-ல் நூற்றுக்குச் சுமார் 68 பங்கு மிஞ்சியிருக்கும். யுரேனியம் 235-லோ நூற்றுக்கு 9 பங்குகூட மிஞ்சாது. வெவ்வேறு வேகத்தில் ஓடும் இரண்டு கணக்குகளும் ஒரே வயதைச் சொன்னால் முடிவை நம்பலாம். சொல்லாவிட்டால் இடையில் அந்தப் படிகம் மறுபடி சூடேறி ஈயத்தை இழந்திருக்கலாம் என்று பொருள். பாலக்காட்டுக் கணவாயை ஒட்டிய பட்டையின் சில பாறைகளில் 250 கோடி ஆண்டுத் தடயத்தோடு சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முந்திய வெப்ப நிகழ்வின் தடயமும் பதிவாகியிருக்கிறது.

ஆனால் சிர்க்கான் சொல்வது தான் படிகமான காலத்தை. மணற்கல்லுக்குள் கிடக்கும் சிர்க்கான் வேறெங்கோ பிறந்து அரித்துக் கொண்டுவரப்பட்டது, எனவே அதன் வயது அந்த மணற்கல்லின் வயது ஆகாது, அதில் கிடக்கும் படிவத்தின் வயதும் ஆகாது. ஆகவே ஆய்வாளர்கள் படிவம் கிடந்த அடுக்குக்குக் கீழேயும் மேலேயும் எரிமலைச் சாம்பல் அடுக்கு இருக்கிறதா என்று தேடுகிறார்கள். கீழ்ச் சாம்பலின் வயது 9.3 கோடி ஆண்டு, மேற்சாம்பலின் வயது 9.1 கோடி ஆண்டு என்று வைத்துக்கொண்டால், படிவம் அந்த இடைவெளிக்குள் அடங்கும். அதே அம்மோனைட் இனம் சாம்பலே இல்லாத வேறொரு நாட்டில் கிடைத்தால், அந்த அடுக்குக்கும் அதே காலத்தைக் குறிக்கலாம்.

"பாறையை வைத்துப் படிவத்துக்கு வயது சொல்கிறார்கள், படிவத்தை வைத்துப் பாறைக்கு வயது சொல்கிறார்கள், இது சுற்றுவாதம் இல்லையா?" என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நல்ல கேள்வி. வரிசை அடுக்குகளிலிருந்து வருகிறது, எண் படிகங்களிலிருந்து வருகிறது, படிவம் அந்த எண்ணை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுசெல்கிறது. இவை ஒன்றையொன்று சாராத சான்றுகள் என்பதால், ஒன்று தவறினால் மற்றது காட்டிக்கொடுத்துவிடும்.

கார்பன் பரிசோதனையின் எல்லை

வில்லர்ட் லிப்பி 1940-களின் இறுதியில் உருவாக்கிய முறை இது. உயிருள்ள வரை காற்றிலிருந்தும் உணவிலிருந்தும் கார்பனின் நிலையற்ற வகையான கார்பன் 14 உடலில் சேர்ந்துகொண்டே இருக்கும். இறந்த பின் வரவு நின்று, இருப்பது மட்டும் சிதைந்துகொண்டே போகும். அதன் அரைவாழ்வுக் காலம் 5,730 ஆண்டுகள். பழனிக்கு அருகே பொருந்தலில் பழங்கால ஈமக் கல்லறையில் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 490 என்று இந்த முறையால் கணிக்கப்பட்டது. ஏறக்குறைய 2,500 ஆண்டுப் பழைய அந்த நெல்லில், நூற்றுக்கு 74 பங்கு கார்பன் 14 இன்னும் எஞ்சியிருந்தது என்பதால் அளப்பதில் சிக்கல் இல்லை. ஐம்பதாயிரம் ஆண்டுகளைத் தாண்டினால் எஞ்சுவது மிகச் சொற்பமாகி, புறத்திலிருந்து ஒட்டும் புதிய கார்பனே கணக்கைக் கெடுத்துவிடும். 6.6 கோடி ஆண்டுப் பழைய டைனோசர் எலும்பில் அளக்க ஒன்றுமே இருக்காது. ஈரோடு மாவட்டத்துக் கொடுமணல் அகழாய்வின் கரித்துண்டுக்கும் பொருந்தலின் நெல்லுக்கும் பொருந்தும் முறையை அரியலூர் அம்மோனைட்டுக்குக் கேட்பது பொருந்தாது.

படிவம் போலத் தோன்றுபவை

உருண்டைக் கற்களில் பெரும்பாலானவை, ஒரு கருவைச் சுற்றிக் கனிமம் திரண்டு உருவான உருளைகளோ, வானிலையால் மூலை உதிர்ந்து உருண்டு போன கருங்கற்களோதான். கொங்கில் கிடைப்பவை அநேகமாக இரண்டாவது வகை. வெங்காயத் தோலைப்போல் ஓடு ஓடாகக் கழன்று வரும். உண்மையான டைனோசர் முட்டையின் ஓடு சில மில்லிமீட்டர் தடிமனுடையது, நுண்ணோக்கியில் அதன் மூச்சுத்துளைகள் தெரியும். அப்படிப்பட்ட முட்டைகள் குஜராத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் கூட்டோடு கிடைத்திருக்கின்றன.

இன்னொரு போலி, தளக்கற்களில் காணும் கரிய செடி வடிவம். பெரணி இலை அப்படியே பதிந்ததுபோல் இருக்கும். அது கல்லின் வெடிப்பில் கசிந்த நீர் விட்டுச்சென்ற மாங்கனீசுக் கறை. இலைக்கு நடுநரம்பு இருக்கும், கிளைநரம்புகள் அதிலிருந்து ஒழுங்காகப் பிரியும். கறையிலோ கிளைகள் மனம்போன போக்கில் பிரிந்து, எல்லாமே வெடிப்பின் ஓரத்திலிருந்து தொடங்கும்.

அரியலூர், பெரம்பலூர்ப் பக்கம் போகும்போது உண்மையான படிவமே கண்ணில் பட்டால், அதைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு வருவதைவிட, இருந்த இடத்தில் வைத்தே, பக்கத்தில் ஓர் அளவுகோலையோ நாணயத்தையோ வைத்துப் படம் எடுத்து, எந்த அடுக்கில் எவ்வளவு உயரத்தில் இருந்தது என்று குறித்து, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்குத் தெரிவிப்பதே பயன் தரும். அடுக்கிலிருந்து பிரிந்து வந்த அம்மோனைட்டைப் பார்த்து அதன் இனத்தைச் சொல்லிவிடலாம், இனத்தை வைத்துத் தோராயமான காலத்தையும் சொல்லலாம். ஆனால் மேலும் கீழும் எந்தச் சாம்பல் இருந்தது, கூடவே வேறு எந்த உயிர் கிடந்தது என்பதை மீட்டெடுக்க வழியே கிடையாது.